பதினாலாம் கட்டில்

சந்திரகலாவுக்குச் சோறு போட்டது அவள் கையெழுத்துதான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நிலக்கடலைக் கொல்லையில் வளர்ந்தவள். பன்னிரண்டாவது வரை படித்தவள். லாரி ஓட்டப் போன புருஷன் ஒரு வைகாசியில் போனவன் போனவன்தான் என்று ஆன பிறகு, எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தாள். அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிற முதியோர் இல்லத்தில் பாத்திரம் தேய்க்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். ஒருநாள் மளிகைப் பட்டியல் எழுதிக் கொடுத்தாள். இல்லத்தின் செயலாளர் அருணகிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சடித்த மாதிரி இருந்தது. மறுநாளே தேங்காய் நாரைக் கீழே போட்டுவிட்டுப் பதிவேட்டைக் கையில் எடுத்தாள். மூன்று வருஷத்தில் அவளே பொறுப்பாளர். அதற்கப்புறம் எட்டு வருஷமாக, அந்த இல்லத்தில் ஒரு தலையணை உறை மாறினாலும் அவள் எழுதித்தான் மாறும்.

அவளாகக் கொண்டுவந்த முறை ஒன்று அங்கே உண்டு. ஒரு காலத்தில் இல்லத்தில் மூன்று ராஜம்மாள்கள் இருந்தார்கள். ஒருத்தியின் மாத்திரையை இன்னொருத்தி விழுங்கிவிட்டு மயங்கி விழுந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் சந்திரகலா அன்றோடு பெயர் சொல்லி மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டுச் சுவரில் பெயிண்டால் ஓர் எண். மாத்திரை டப்பாவிலும் அதே எண், தட்டிலும் டம்ளரிலும் அதே எண். பதினேழு சாப்பிட்டாச்சா, இருபத்தொன்றுக்கு வயிறு சரியில்லை என்றுதான் அங்கே பேச்சு நடக்கும். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஜெயில் மாதிரி இருக்கும். போன தடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி மட்டும் இதைப் பார்த்துவிட்டு, மற்ற இல்லங்களுக்கும் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையை வேலூரில் கல்லூரியில் படிக்கும் மகளுக்கு போன் போட்டு இரண்டு தடவை சொன்னாள் சந்திரகலா. எட்டு வருஷத்தில் ஒரு மாத்திரைகூட மாறவில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை. அந்த வேலையில் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது, பட்டுக்கொள்ளட்டும்.

இருபத்துநாலு பேருக்குத்தான் அனுமதி. ஐப்பசியில் பதினாலாம் கட்டில் காலியானபோது வெள்ளையம்மாள் வந்தாள். அண்ணன் மகன் கொண்டுவந்து விட்டான். ஆதார் நகல் கொடுத்தான், போன் நம்பர் கொடுத்தான், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. வந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஊமையில்லை, கோபம். அண்ணன் மகன் வந்து கூப்பிடுகிற வரைக்கும் ஒருத்தரிடமும் பேசுவதில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆதார் நகலில் இருந்த படமோ அடுப்புக் கரி பூசினது மாதிரி. அதில் தெரிந்தது ஒரு மூக்கும் ஒரு முக்காடும்தான்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் இன்னொருத்தி வந்து சேர்ந்தாள். லட்சம் லட்சமாக ஜனம் மலையைச் சுற்றிவிட்டுப் போன பிறகு, குப்பையோடும் செருப்புகளோடும் சில கிழவிகளும் பாதையோரம் மிச்சமாவதுண்டு. கூட்டத்தில் தொலைந்தவர்களா, தொலைக்கப்பட்டவர்களா என்று அண்ணாமலையாருக்கே வெளிச்சம். ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். பெயர் கேட்டதற்கு அந்த அம்மாள் சந்திரகலாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நினைவு கலங்கிய சிரிப்பு. அப்படி யாராவது வந்தால் அன்றைக்கே போலீசுக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருபத்துநாலும் நிறைந்திருந்தது. அடுத்த வாரம் எழுதலாம் என்றார் அருணகிரி. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எண் இல்லாமல் ஒரு கட்டில் போட்டார்கள். எண் இல்லாததால் அவளை 'நடுக்கட்டில்' என்று கூப்பிட்டார்கள்.

உரிமம் புதுப்பிக்கும் வருஷம் இது. எப்போது வேண்டுமானாலும் ஆய்வுக்கு வருவார்கள் என்று, பொங்கல் முடிந்த கையோடு வெள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். கட்டில்களையெல்லாம் வெளியே வேப்ப மரத்தடியில் போட்டார்கள். பேன் ஜாஸ்தியாக இருந்ததால், அதே இரண்டு நாளில் பெண்கள் எல்லாருக்கும் முடியை ஒட்ட வெட்டினார்கள். இல்லத்துச் சேலையோ எல்லாருக்கும் ஒரே நீலம். எதுவும் பேசாத கிழவிகள் வரிசையாக வெயிலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சமையல்கார சரோஜா, ஒரே அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி இருக்கிறார்கள் என்று சிரித்தாள். பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் சாயங்காலம் கட்டில்களை உள்ளே கொண்டுபோய்ப் போட்டார்கள், கிழவிகள் அவரவர் கட்டிலில் ஏறிப் படுத்தார்கள். சந்திரகலா சுவரில் எண்களைப் புதுசாகத் தன் கையாலேயே எழுதினாள்.

நாலாம் நாள் விடியற்காலை சரோஜா ஓடிவந்து, பதினாலு போய்விட்டது என்றாள்.

இரண்டு நாளாகவே பதினாலாம் கட்டிலில் இருந்தவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, கூப்பிட்டால் விழிக்கவில்லை. ஜுரம் இறங்குகிற வேர்வை என்று சந்திரகலா நினைத்திருந்தாள். வாரம் ஒருமுறை வரும் வயதான டாக்டர் வந்து, சுவரில் இருந்த எண்ணைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மூப்பு, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். தாடையைக் கட்டும்போது அந்த முகம் சந்திரகலாவுக்குக் கொஞ்சம் அன்னியமாகத் தெரிந்தது. செத்த முகம் எல்லாமே அன்னியமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். அண்ணன் மகன் கொடுத்த நம்பர் உபயோகத்தில் இல்லை. அருணகிரியே கொள்ளி வைத்தார். வெள்ளையம்மாள் என்று பெயர் சொல்லித்தான் வாய்க்கரிசி போட்டார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, பதினாலாம் கட்டில்மேல் ஒரு விளக்கேற்றி வைத்து, சரோஜா வழக்கப்படி பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். வெள்ளையம்மா, போற இடத்துக்கு நல்லபடியா போய்ச் சேருங்க என்றாள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்த மாதிரி ஒரு குரல்.

"வெள்ளையம்மா நான்தான்."

நடுக்கட்டில் பேசியிருந்தாள். இத்தனை நாளாக ஒரு வார்த்தை பேசாதவள். பட்டப்பகல் பதினொரு மணி, ஜன்னல் வழியாக மலை முழுசாகத் தெரிகிறது, வெயில் கட்டில் மேலெல்லாம் விழுந்து கிடக்கிறது. ஆனாலும் சரோஜாவின் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.  சந்திரகலா பேய் பிசாசை நம்புகிறவளில்லை என்று சொல்லிக்கொள்வாள். நம்பாதவர்களுக்குத்தான் இந்த மாதிரி நேரத்தில் பயம் ஜாஸ்தி. கிட்டே போய், கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"அவங்க செத்துட்டாங்கம்மா. நீங்க அவங்க இல்ல."

கிழவி அவளையே பார்த்தாள். அப்புறம் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தாள். அதன்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம்தான் கடிதம் வந்தது. வருகிற ஒன்பதாம் நாள் ஆய்வு. அருணகிரி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். போன வருஷம் இதே மாதிரி ஒருவரைத் தெரிவிக்காமல் வைத்திருந்ததற்கு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார்கள். இன்னொரு தடவை நடந்தால் உரிமம் ரத்து என்று அதில் எழுதியிருந்தது. ரத்தானால் இருபத்துநாலு பேரையும் பிரித்து, எந்தெந்த ஊரில் இடமிருக்கிறதோ அங்கெல்லாம் அனுப்புவார்கள். அதில் பாதிப் பேர், சாகும்போது கண்ணுக்கு எதிரே இந்த மலை இருந்தால் போதும் என்று வந்து விழுந்தவர்கள். சந்திரகலாவின் வேலையும் போகும், மகளின் கடைசி வருஷப் படிப்பும் நிற்கும்.

வழியைக் கண்டுபிடித்தது அருணகிரி இல்லை, சந்திரகலாதான். பேப்பர் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லையே. சாவைப் பதிவு செய்ய இருபத்தொரு நாள் இருக்கிறது. அதுவரைக்கும் காகிதத்தில் வெள்ளையம்மாள் உயிரோடுதான் இருக்கிறாள். நடுக்கட்டிலை இப்போது எழுதினால், ஆய்வுக்கு வருகிறவர்கள் அவள் என்றைக்கு வந்தாள் என்றுதான் முதலில் துருவுவார்கள். நடுக்கட்டிலைப் பதினாலில் படுக்க வைத்துவிட்டால் இருபத்துநாலு பெயர், இருபத்துநாலு தலை. ஆய்வு முடிந்ததும் வெள்ளையம்மாளின் சாவையும் எழுதலாம், நடுக்கட்டிலை அன்றைக்கு வந்தவளாகவும் எழுதலாம். ஒரே ஒரு நாள் பொய். அவளே தன்னை வெள்ளையம்மாள் என்கிறாள், கற்றுக்கொடுக்கிற வேலைகூட இல்லை. இதை அருணகிரியிடம் சொன்னபோது அவர் அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த இல்லத்தில் காரியங்கள் விபரீதமாக நடக்க ஆரம்பித்தன. பதினாலில் படுத்த அன்றே அந்த அம்மாள், ஜன்னல் பக்கம் தலை வைக்காமல், செத்தவள் எப்போதும் படுப்பதைப் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்டாள். வெள்ளையம்மாளும் அப்படித்தான் வந்த புதிதில் தண்ணீராகக் குடித்தாள். ஆறாம் நாள் காலையில் பாத்ரூம் கழுவப் போன சரோஜா விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மாள் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. வெள்ளையம்மாள் வந்த புதிதில், மாத்திரை ஆரம்பிக்கும் வரை, அதே மூலையில் அதே மாதிரி எறும்பு வரும். தை மாதத்தில் எறும்பு எங்கேதான் வரவில்லை என்று சந்திரகலா அவளை அதட்டினாள். அதட்டிவிட்டு, தானே போய் அதன்மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினாள்.

சரோஜா சும்மா இருக்கவில்லை. கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து பூசினாள். கையில் கறுப்புக் கயிறு கட்டினாள், கட்டிலுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். மற்ற கிழவிகள் தட்டை எடுத்துக்கொண்டு எட்டிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒன்பதாம் கட்டில் அம்மாள், அவளுக்குக் கொஞ்சம் புத்தி தடுமாற்றம், நேராகவே வந்து நின்று, நீதான் செத்துட்டியே, இன்னும் எதுக்கு இங்க சோறு துன்ற என்று கேட்டாள். அதட்டி அனுப்ப வேண்டிய சந்திரகலா, தானும் பதிலை எதிர்பார்த்து நின்றாள். கிழவி தட்டை நகர்த்தி வைத்தாள். தட்டில் இருந்த சோறு அப்படியே இருந்தது.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்னால் சந்திரகலா ஒத்திகை பார்த்தாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கிழவி பெயர் சொன்னாள். வயது சொன்னாள். ஊர், புருஷன் பெயர், அண்ணன் மகன் பெயர் எல்லாம் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு மாதமாகப் பக்கத்துக் கட்டில்காரர்கள், இவள் காதில் எதுவோ விழுந்திருக்கும் என்று சந்திரகலா மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்போதுதான் செத்தவள் வாயே திறந்ததில்லை என்பது ஞாபகம் வந்தது.

"என் மஞ்சப் பை எங்க?" என்று கேட்டாள் கிழவி. "அதுல ஒரு சீப்பு இருக்குது, பல்லு ஒடைஞ்சது. என் வூட்டுக்காரரு போட்டோ இருக்குது, பின்னால கோலம் போட்ட மாதிரி ஊறிப் போயிருக்கும். எடுத்துக் குடு."

செத்தவளின் பையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முடிச்சுப் போட்டபடியே சாமான் அறையில் பூட்டிக் கிடந்தது. சந்திரகலா தனியாகப் போய்க் கதவைத் திறந்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பல் உடைந்த சீப்பு. அதற்குக் கீழே ஒரு மீசைக்காரரின் படம். திருப்பிப் பார்த்தாள். ஈரம் ஊறிக் காய்ந்து, புள்ளி வைத்துக் கோலம் போட்டது போலவே இருந்தது. பையை அப்படியே திணித்துப் பூட்டிவிட்டு வெளியே வந்து, வெயிலில் வெகுநேரம் நின்றாள். அப்படியும் குளிர் விடவில்லை.

திரும்பி வந்தபோது கிழவி பையைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்தவளைப் போல மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமாவே நான் செத்துட்டனா? என்னை எங்க கொளுத்துனீங்க?"

சந்திரகலாவால் அங்கே நிற்க முடியவில்லை. இத்தனைக்கும் அவள் அந்த இல்லத்தில் முப்பத்தேழு பேருக்குத் தாடை கட்டியவள். செத்தவர்களிடம் அவளுக்குப் பயமே கிடையாது. கேள்வி கேட்கிற செத்தவளை மட்டும் அவள் பார்த்ததில்லை. சமையலறைக்குப் போய், கேட்ட சரோஜாவிடம் ஒன்றுமில்லை என்றாள்.

ஆய்வு நாள் வந்தது. அதிகாரி கீதாஞ்சலிக்கு முப்பது வயதுதான் இருக்கும். உரக்கப் பேசாதவள், ஆனால் எதையும் விடாதவள். தீயணைக்கும் சிலிண்டரின் தேதியைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், அரிசிப் பானையில் கையை விட்டுப் பார்த்தாள். பதிவேடுகளைப் புரட்டிவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறது என்றாள். மற்ற நாளாக இருந்தால் சந்திரகலா பூரித்துப் போயிருப்பாள். பிறகு கைப்பையிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துப் போனோடு மாட்டினாள். இந்த வருஷம் ஒவ்வொருவரின் கட்டை விரலையும் வைத்து, ஆதாரில் இருக்கிற ஆள்தானா என்று பார்க்க வேண்டுமாம்.

அருணகிரியின் முகம் வெளிறியது. சந்திரகலா மட்டும் கலங்கவில்லை. காடு கழனியில் வேலை செய்த கையில் ரேகை ஏது? முதல் பதிமூன்று பேரில் ஏழு பேருக்கு இயந்திரம் சிவப்புதான் காட்டியது. சிவப்பு வந்தால் அதிகாரி கோப்பை வைத்து நாலு கேள்வி கேட்டு, பதியவில்லை என்று எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள். பதினாலுக்கும் சிவப்பு வரும். கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது. அவ்வளவுதானே.

பதினாலாம் கட்டில் முன்னால் அதிகாரி குனிந்தாள். இந்தம்மாவுக்கு ரேகை விழாது மேடம், மல்லாட்டைச் செடி புடுங்குன கை என்று சந்திரகலா முந்திக்கொண்டு சொன்னாள். கிழவி தானாகவே கட்டை விரலை நீட்டினாள். பெட்டிக்குள் சிவப்பாக ஒரு வெளிச்சம் ஓடியது. போனில் பச்சையாக ஒரு குறி விழுந்தது. முதல் தடவையிலேயே.

"வெள்ளையம்மாள்," என்று படித்தாள் அதிகாரி. "சரியா இருக்குது. அடுத்தது?"

 சந்திரகலாவுக்கு முதலில் வந்தது பயம்தான். போனவள் விரல் நுனி வரைக்கும் வந்து இறங்கிவிட்டாள் என்று உடம்பு சிலிர்த்தது. அடுத்த கட்டிலுக்கு அதிகாரி நகர்ந்தாள், அதற்கடுத்த கட்டிலுக்கும் நகர்ந்தாள். சந்திரகலா நின்ற இடத்திலேயே நின்றாள். போனவள் நாக்கில் ஏறிப் பேசுவாள் என்று ஊரில் கேள்விப்பட்டிருக்கிறாள். கட்டை விரல் ரேகைக்குள் யாரும் ஏற முடியாது. இந்த எண்ணம் வந்ததும் பேய் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்த பயம் அதைவிடப் பெரியது.

வெள்ளையடித்த அன்றைக்குச் சாயங்காலம் கட்டில்களை உள்ளே கொண்டுவந்து போட்டது யார்? எந்தக் கட்டிலை எங்கே போட வேண்டுமென்று அவர்களுக்கு யார் சொன்னது? அவள் எண்ணை எழுதியது சுவரில். அதற்குக் கீழே யார் படுத்திருக்கிறார்கள் என்று அவள் அன்றைக்குப் பார்த்தாளா? பார்த்தாள். மொட்டைத் தலை, நீலச் சேலை, பேசாத வாய். பதினாலு என்று நினைத்துக்கொண்டாள்.

அதிகாரியும் அருணகிரியும் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்கள். சரோஜா காபி கொண்டுபோனாள். சந்திரகலா கட்டில் ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். எண்ணைச் சொல்லவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வெள்ளையம்மா."

கிழவியின் கண் நிறைந்துவிட்டது. செத்தவர்களுக்குக் கண்ணீர் வராது என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கும். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். கோபத்தில் வாயை மூடியதாகவும், கட்டிலை மாற்றிப் போட்டபோதே சொல்லியிருக்கலாம், ஆனால் வைராக்கியம் விடவில்லை என்றும் சொன்னாள். தன் பெயரைச் சொல்லிப் பக்கத்துக் கட்டில்காரியைத் தூக்கிக்கொண்டு போனதைப் படுத்தபடியே பார்த்ததாகவும், அப்போதே கூப்பிட நினைத்தும் குரல் எழவில்லை என்றும் சொன்னாள். அப்புறம் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எனக்கு சக்கரை மாத்திரைய ஏன் நிறுத்திட்ட? நாலு நாளா அவளுக்குக் குடுத்த. அவ வேணாம் வேணாம்னு தலைய ஆட்னா. நீ தாடையப் புடிச்சி ஊட்டுன."

சந்திரகலாவுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. எண் பதினாலு போட்ட டப்பா, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாத்திரையைத் துப்பிவிட்டு அந்த அம்மாள் சிரித்ததும், அடம் பிடிக்கக் கூடாது என்று செல்லமாகத் திட்டியபடி மறுபடி ஊட்டியதும் ஞாபகம் இருந்தது. சர்க்கரை வியாதி இல்லாத உடம்பு, அரை இட்லிக்கு மேல் சாப்பிடாத உடம்பு. வேர்த்ததும் நடுங்கியதும் அதனால்தான். ஒரு மாத்திரைகூட மாறாத இல்லம் என்று எட்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், தன் கையாலேயே நாலு நாள் ஒரு மனுஷியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்திருக்கிறாள்.

ஆபீஸ் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்ன பொய்கூட இப்போது பொய்யில்லை. காகிதத்தில் வெள்ளையம்மாள் உயிரோடு இருக்கிறாள், கட்டிலிலும் உயிரோடு இருக்கிறாள். இருபத்துநாலு பெயர், இருபத்துநாலு தலை. சுடுகாட்டு ரசீது ஒன்று பீரோவில் இருக்கிறது, அதைக் கிழித்துப் போட ஒரு நிமிஷம் போதும். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்தவளைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது. அவள் வரவே இல்லை, அதனால் போகவும் இல்லை. எங்காவது ஒரு வீட்டில் அவளைத் தேடிக்கொண்டிருந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சந்திரகலா வாயை மூடிக்கொண்டால் போதும், இருபத்துநாலு பேருக்கும் மலை ஜன்னலில் இருக்கும், மகள் படிப்பை முடிப்பாள்.

வெள்ளையம்மாள் அவள் தோளைத் தொட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். சந்திரகலா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. மூன்று மாதத்தில் அதை இப்போதுதான் பார்க்கிறாள். செத்தவளின் முகத்தில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். எவ்வளவு முயன்றும் அந்த முகம் வரவில்லை.

ஆபீஸ் அறைக்குப் போனபோது கீதாஞ்சலி காபியைக் குடித்துவிட்டு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். அருணகிரி, கேசரி எங்கே என்று சரோஜாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். சந்திரகலா மேஜையருகே போய் நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், கையெழுத்து போடாதீங்க," என்றாள். "பன்னெண்டு நாளைக்கு முன்னாடி இங்க ஒருத்தங்க செத்துட்டாங்க. வேற ஆளோட மாத்திரைய குடுத்துட்டேன். நான்தான் குடுத்தேன்."

அருணகிரி எழுந்தார். சந்திரகலா அவர் பக்கம் திரும்பவில்லை. அதிகாரி புதுசாக ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, செத்தவரின் பெயர் என்ன என்று கேட்டாள்.

"தெரியாதுங்க," என்றாள் சந்திரகலா. "வந்த அன்னிக்கு ஒரு தடவ கேட்டேன். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."